வாழ்த்து அட்டையும் எழுத்தின் புள்ளியும்

பெருநாள் வாழ்த்து இன்று கைப்பேசியின் வழியே நொடிப்பொழுதில் வந்து சேர்ந்துவிடுகிறது. எவரோ வரைந்த படத்தையே ஊர் முழுதும் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்கின்றனர். இந்நாளிலும் மையும் முத்திரையும் வெட்டச்சும் கொண்டு தம் கையாலேயே வாழ்த்து அட்டை செய்வோர் உளர். அக்கைவினையின் முறைகளோடு, தமிழிலும் அரபியிலும் அதனைச் செய்ய முனைவோர் எதிர்கொள்ளும் எழுத்துச் சிக்கல் ஒன்றையும் இங்குக் காண்போம்.

அச்சிட்ட வாழ்த்து அட்டைக்கு 1843-ஆம் ஆண்டு இலண்டனில் ஹென்றி கோல் வெளியிட்ட கிறிஸ்துமஸ் அட்டையே முன்னோடி என்பர். ஆயின் தாளில் எழுத்தை ஒற்றும் வழக்கம் அதனினும் மிகப் பழையது. ஐரோப்பாவில் குட்டன்பர்க்கின் அச்சு தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே எகிப்தில் அரபு எழுத்துகளை அச்சுருக்களால் தாளில் ஒற்றித் தாயத்துகள் செய்திருக்கின்றனர். அத்தாள்கள் இன்றும் அருங்காட்சியகங்களில் உள்ளன.

அட்டைக்கு ஏ4 அளவுள்ள தடித்த தாளே போதும். அதனை இரண்டாக வெட்டி, ஒவ்வொரு பாதியையும் நடுவில் மடித்தால் 105-க்கு 148 மில்லிமீட்டர் அளவுள்ள அட்டை கிடைக்கும். தாளுக்கும் மரத்தைப் போல் நார் ஓடும் திசை உண்டு. இருபுறமும் மெல்ல வளைத்துப் பார்த்து, எளிதில் வளையும் திசையில் மடித்தால் மடிப்பு வெடிக்காது.

மையில் இருவகை உண்டு. சாய மை தாளுக்குள் ஊறி விரைவில் உலரும். ஆனால் வெயில் பட்டால் வெளிறும். நிறமி மை தாளின் மேல் தங்கி மெல்ல உலரும். நிறம் நெடுநாள் நிற்கும். மெல்ல உலர்வதே அதன் தனிச்சிறப்புமாகும். ஈரம் காயுமுன் அதன்மேல் புடைப்புத் தூளைத் தூவி, மிகுந்ததைத் தட்டிவிட்டு வெப்பக் காற்றைக் காட்டினால், தூள் உருகிப் பொன்னெழுத்துப் போல் எழுந்து நிற்கும். பளபளப்பான தாளில் இவ்விரு மைகளும் எளிதில் கலையும். அதற்கெனத் தனி மை வேண்டும்.

முத்திரையைக் கடையில் வாங்கலாம். அழிப்பான் ரப்பரில் நாமே செதுக்கவும் செய்யலாம். செதுக்கும் எழுத்து இடவல மாற்றமாக இருத்தல் வேண்டும். இதற்கு எளிய வழி ஒன்றுண்டு: மெல்லிய தாளில் பென்சிலால் நேராக எழுதி, அதனை ரப்பர்மேல் கவிழ்த்துத் தேய்த்தால் எழுத்துத் தானே தலைமாறிப் பதியும். வெட்டச்சு என்பது அச்சகத்தார் 'டை' என வழங்குவது. கைவினைக்கு உதவுவது, விளிம்பு மட்டும் கூராக உயர்ந்த மெல்லிய எஃகுத் தகடு. தாளையும் அதனையும் இரு பலகைகளுக்கிடையே வைத்துக் கைப்பிடியால் சுழற்றும் உருளைகளுக்குள் செலுத்தினால், பிறையோ மினாராவோ பூங்கொத்தோ அவ்வடிவில் வெட்டுண்டு வரும்.

பிறையை வெட்டுவது எளிது. எழுத்தை வெட்டுவதில்தான் இடர் தொடங்குகிறது. இக்கருவிகளைப் பெரிதும் உருவாக்கியோர் ஆங்கில எழுத்தை மனத்திற் கொண்டோர். ஆங்கிலத்தில் புள்ளி பெறுவன ஐ, ஜே என்னும் சிற்றெழுத்து இரண்டே. நமக்கோ புள்ளியே எழுத்தின் உயிர்நிலை. 'ஈத் முபாரக்' எனத் தமிழில் எழுதினால் ஈகாரத்தில் இரண்டும், தகர ககர ஒற்றுகளில் ஒவ்வொன்றுமாக நான்கு புள்ளிகள் வருகின்றன. வெட்டச்சில் வெட்டினால் எழுத்து ஒரு துண்டாகவும் புள்ளி கடுகளவு வேறு துண்டாகவும் உதிர்கின்றன. புள்ளி தவறினால் 'பல்' என்பது 'பல' என்றாகிவிடும்.

அரபியில் இவ்விடர் இன்னும் கடுமையானது. அய்ன், யா, தால் என்னும் மூன்றெழுத்தால் ஆனது 'ஈத்' என்னும் சொல். நடுவில் நிற்கும் யாவின் கீழ் இரு புள்ளிகள் உண்டு. அவற்றுள் ஒன்று உதிர்ந்தால் அது பா ஆகி, 'அப்து' எனப் படிக்கப்படும். பெருநாள் அடியானாக மாறிவிடுகிறது! 940-இல் மறைந்த பக்தாது எழுத்துக் கலைஞர் இப்னு முக்லா, நாணற் பேனாவின் புள்ளியையே அளவுகோலாகக் கொண்டு எழுத்துகளின் விகிதத்தை வகுத்தார் என்பதும் இங்கு நினைக்கத் தக்கது.

தமிழருக்கு இது பழைய வழக்கே. மெய்யெழுத்துப் புள்ளி பெறும் எனத் தொல்காப்பியம் விதித்திருந்தும், எழுத்தாணி ஓலையைக் கிழிக்குமென அஞ்சி ஏடெழுதுவோர் புள்ளியை விட்டனர். அவ்வேடுகளைப் பதிப்பித்தோர் பட்ட பாட்டைத் தமிழ்த்துறையினர் நன்கறிவர். அன்று எழுத்தாணியால் நேர்ந்தது இன்று எஃகுத் தகட்டால் நேர்கிறது.

எழுத்தை அப்படியே வெட்டாமல், தாளில் எழுத்து வடிவத் துளையாக வெட்டினால் புள்ளிகள் தத்தம் இடத்தில் நிற்கும். ஆனால் க, த போன்றவற்றின் மூடிய சுழிக்குள் இருக்கும் தாள் விழுந்துவிடும். அதனைத் தாங்க நூலளவு பாலம் விட வேண்டும். பாலம் எழுத்தின் அழகைக் கெடுக்கிறது. ஆகவே எழுத்தை முத்திரைக்கும், பிறையையும் வளைவையும் வெட்டச்சுக்கும் விடுவதே தக்கது என்பது நம் துணிபு. முத்திரையில் புள்ளியும் எழுத்தும் ஒரே ரப்பரில் நிற்பதால் ஒன்றைவிட்டு ஒன்று பிரியாது.

பெரியோர் கவலை ஒன்றும் உண்டு. இறைத்திருநாமத்தையோ திருமறை வசனத்தையோ வெட்டச்சில் இட்டால், வெட்டுண்ட எழுத்துத் துணுக்குகள் தரையில் சிதறிக் குப்பையோடு கூட்டப்படும். அக்கவலை நியாயமானதே. அத்தகைய சொற்களை அட்டையில் இடாது, 'ஈத் முபாரக்' என்னும் வாழ்த்தோடு அமைதல் நன்று.

நிறமி மையில் ஒற்றிய அட்டையை ஓரிரவேனும் விரித்துக் காயவைத்து, உள்ளே மெல்லிய தாள் ஒன்றை இட்டு, 114-க்கு 162 மில்லிமீட்டர் உறையில் வைத்து அனுப்புக. தபாலில் உராய்ந்து மை இழுகினால் முதலில் மறைவது புள்ளியே.