பாதையின் ஹக்கும் வியாபாரத்தின் பரக்கத்தும்

சம்பளம் போட்ட பின் வரும் ஞாயிற்றுக்கிழமையில் ஹட்டன் கடைவீதியில் சற்று நேரம் நின்று பாருங்கள். பொகவந்தலாவை, மஸ்கெலியா, நோர்வூட் பஸ்களிலிருந்து தோட்டத்து மக்கள் வந்து இறங்குகிறார்கள். ஒரு கையில் பை, மறு கையில் பிள்ளை. நடைபாதையில் ஏறினால் வாளியும் பாயும் பிளாஸ்டிக் கதிரையும் வழியை மறிக்கின்றன. கீழே இறங்கினால் நிறுத்திய வானும் முச்சக்கர வண்டியும். அதையும் தாண்டி நடந்தால் முதுகுக்குப் பின்னால் பஸ் ஹோன் அடிக்கிறது.

நமது கடைகளின் கல்லாவை நிரப்புபவர்கள் பெரும்பாலும் இந்த மக்கள்தான். ஆனால் "வாகனம் நிறுத்த இடமில்லை, வியாபாரம் படுத்துவிட்டது" என்பதே நம்மில் பலரின் முறைப்பாடு. இந்தத் தப்புக் கணக்கு நமக்கு மட்டும் உரியதல்ல. 2006இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரக் கடைவீதிகளில் ஆய்வு செய்தார்கள். நூற்றுக்கு 41 பேர் காரில் வருவதாகக் கடைக்காரர்கள் நினைத்தார்கள். உண்மையில் வந்தவர்கள் 22 பேர் மட்டுமே. பாதிக்கு மேற்பட்டோர் நடந்தே வந்திருந்தார்கள். காரே குறைவான நமது தோட்டப்புறத்தில் கணக்கு எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

சரக்கெடுக்கச் சென்னை செல்லும் நம்மவர்கள் தி.நகர் பாண்டி பஜாரைப் பார்த்திருப்பார்கள். 2019 நவம்பரில் அங்கு அகலமான நடைபாதை வளாகம் திறக்கப்பட்டது. குடும்பத்தோடு ஆறுதலாக நடப்பவர்தான் நின்று பார்ப்பார். நின்று பார்ப்பவர்தான் வாங்குவார். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுபவர் எந்தக் கடையையும் திரும்பிப் பார்ப்பதில்லை.

மலைநாட்டு வீதிகளின் ஆபத்தும் நமக்குப் புதிதல்ல. 2023 ஜனவரி 20இல் நானுஓயா ராதெல்லயில் 7 பேர், 2024 டிசம்பர் 21இல் ஹட்டன் மல்லியப்புவில் 3 பேர், 2025 மே 11இல் கொத்மலை கெரண்டியெல்லயில் 20க்கும் மேற்பட்டோர் என பஸ் விபத்துகளில் உயிர்களை இழந்தோம். வளைவையும் சரிவையும் நாம் மாற்ற முடியாது. நமது கடை வாசலை மாற்றலாம்.

பாதையில் அமர்ந்திருந்தோரிடம், பாதைக்குரிய ஹக்கைக் கொடுக்குமாறு நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். பிறருக்குத் தொல்லை தராதிருப்பதும் அந்த ஹக்குகளில் ஒன்று. தொல்லை தரும் பொருளைப் பாதையிலிருந்து அகற்றுவதை ஈமானின் கிளைகளில் ஒன்றாகவும் அவர்கள் கற்றுத் தந்தார்கள். அப்படியிருக்க, தொல்லை தரும் பொருளை நாமே கொண்டுபோய் வைப்பது எந்த வகையில் நியாயம்?

செய்ய வேண்டியவை பெரிய செலவுள்ளவை அல்ல. சரக்கைக் கடை எல்லைக்குள் எடுங்கள். முதலாளியின் வாகனம் நாள் முழுக்க வாசலில் நிற்க வேண்டாம். லொறிச் சரக்கைக் கூட்டம் சேருமுன் இறக்குங்கள். இவற்றை ஒருவர் மட்டும் செய்தால் பக்கத்துக் கடைக்காரர் அந்த இடத்தையும் பிடிப்பார் என்ற பயம் நியாயமானதே. ஆகவே வர்த்தக சங்கம் கூடி, எல்லோருக்கும் ஒரே கோடு என்று முடிவெடுக்க வேண்டும்.

அதன் பின் நகர சபையிடமும் வீதி அபிவிருத்தி அதிகார சபையிடமும் உரிமையோடு கேட்கலாம்: அழிந்த பாதசாரிக் கடவைக்குப் புதுப் பூச்சு, மழைக்கு ஒதுங்க பஸ் தரிப்பிடம், இரவில் வெளிச்சம். தோட்டங்களுக்கான கடைசி பஸ் சற்றுப் பிந்திப் புறப்பட்டால் என்ன என்றும் கேளுங்கள். பஸ் போய்விடும் என்ற அவசரம்தான் பல வீடுகளின் பட்டியலைப் பாதியில் நிறுத்துகிறது. பஸ் ஒரு மணி நேரம் பிந்தினால் நமது கடைக்கும் ஒரு மணி நேர வியாபாரம் கூடும்.

நாளை காலை கடை திறக்கும்போது முதல் வாளியை வெளியே வைக்குமுன், அந்த வழியால் பிள்ளையோடு வரும் தாயை ஒரு கணம் நினையுங்கள். அவர் பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்தால்தான் அடுத்த மாதமும் நமது கடைக்கு வருவார்.