கடலுக்குள் ஓயாத இரைச்சல்

தகரக் கூரை வகுப்பறையில் பெருமழையின்போது பாடம் நடத்தியவர்களுக்கு இது எளிதில் புரியும். குரலை உயர்த்துவோம், கடைசி வரிசைக்குக் கேட்காது. கப்பல் போக்குவரத்து மிகுந்த கடலோரங்களில் திமிங்கலங்களின் நிலை ஏறத்தாழ இதுதான். அங்கே மழை விடுவதில்லை.

கடலில் ஆழம் செல்லச் செல்ல வெளிச்சம் மங்கிவிடும். ஒலியோ நொடிக்கு ஏறக்குறைய 1500 மீட்டர் வேகத்தில் நெடுந்தொலைவு பரவும். அதனால் திமிங்கலங்கள் கண்ணைவிடக் காதையே பெரிதும் நம்புகின்றன. கப்பலின் உந்துவிசிறி சுழலும்போது நீரில் எண்ணற்ற குமிழிகள் தோன்றி உடைகின்றன. கப்பல் இரைச்சலில் பெரும்பங்கு இதுவே. இது தாழ்ந்த அதிர்வெண் கொண்டது. பெரிய திமிங்கலங்கள் ஒன்றையொன்று அழைப்பதும் தாழ்ந்த அதிர்வெண்களில்தான்.

இரைச்சல் அவற்றின் உடலைப் பாதிக்கிறதா என்று எப்படி அறிவது? சோதனைக்காகக் கப்பல்களை நிறுத்த முடியாதே! ஆனால் 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின் கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் கப்பல் போக்குவரத்து திடீரெனக் குறைந்தது. நீருக்கடி இரைச்சல் 6 டெசிபெல் தணிந்தது. (ஒலியழுத்தம் ஏறத்தாழ பாதியானது என்று பொருள். மாணவர்கள் 6 என்பதைச் சிறிய எண்ணாக நினைத்துவிடுவார்கள். மடக்கை அளவுகோலை விளக்க நல்ல இடம்.) அப்போது அங்கே வட அட்லாண்டிக் ரைட் திமிங்கலங்களின் சாணத்தைச் சேகரித்து ஆராய்ந்துவந்தார்கள். அதிலிருந்த மன அழுத்த ஹார்மோன் சிதைபொருள்களின் அளவும் அந்நாள்களில் குறைந்திருந்தது. மிதக்கும் சாணத்தைக் கண்டுபிடிக்க மோப்ப நாயைப் படகில் ஏற்றிச் சென்ற கதையும் உண்டு. வகுப்பில் சொன்னால் தூங்குகிறவர்களும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

ஒருமுறை நடந்ததை வைத்து முடிவுக்கு வரலாமா? பருவமாற்றமும் காரணமாக இருக்கலாமே! அடுத்து வந்த ஆண்டுகளின் செப்டம்பர் மாதங்களோடும் ஒப்பிட்டார்கள். அவற்றில் அத்தகைய இறக்கம் இல்லை. ஆய்வு 2012இல் வெளியானது. கட்டுப்பாட்டுச் சோதனை என்றால் என்ன என்பதற்குப் பாடநூல் எடுத்துக்காட்டுகளைவிட இது எனக்குப் பிடித்திருக்கிறது.

நெகிழிக் குப்பையைப்போல் இரைச்சல் தங்கிவிடுவதில்லை; மூலத்தைக் குறைத்தால் உடனே குறையும். வான்கூவர் துறைமுகத்துக்குச் செல்லும் ஹாரோ நீரிணையில், 2017 முதல் கப்பல்களைத் தாமாகவே வேகம் குறைக்கக் கேட்டுக்கொள்கிறார்கள். அங்கு வாழும் ஓர்காக்கள் எதிரொலியைக் கேட்டுச் சால்மன் மீனைத் தேடுபவை. விசிறி மெதுவாகச் சுழன்றால் குமிழிகள் குறையும். ஏன் குறையும் என்ற கேள்வியை நீர்ம அழுத்தம் படித்த மாணவர்களிடமே விட்டுப் பாருங்கள்.