குலுக்கினால் மின்னும் பாட்டில்

பனைமரம் உள்ள ஊர்களில் ஓலைக் கிலுகிலுப்பை பழைய விளையாட்டுச் சாமான். உள்ளே நாலு சிறு கல். ஆட்டினால் சத்தம் வரும். அழுத குழந்தை அழுகையை நிறுத்திவிட்டுப் பார்க்கும்.

இப்போது ஓலையைவிட எளிதாகக் கிடைப்பது காலி பாட்டில். பாலக்காடு மாவட்டம் பெருமாட்டியில் பாட்டில் என்றாலே பிளாச்சிமடா நினைவுக்கு வரும். 2000இல் அங்கே குளிர்பான ஆலை வந்தது. தண்ணீர் கெட்டுப்போனது என்று 2002இல் மக்கள் போராட்டம் தொடங்கினார்கள். 2004இல் ஆலை நின்றது. ஆலை நின்றாலும் தெருவில் காலி பாட்டில் குறையவில்லை. அதில் நல்லதாக ஒன்றை எடுத்துக் குழந்தைக்கு விளையாட்டுச் சாமான் செய்யலாம்.

அரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில் போதும். நசுங்காத, கெட்டியான பாட்டிலாக இருக்கட்டும். கழுவிக் காய வையுங்கள். காய்ச்சி ஆறிய தண்ணீரைப் பாதி ஊற்றுங்கள். ஒரு சிட்டிகை கேசரிப் பவுடர் போடுங்கள். மேலே தேங்காய் எண்ணெய் ஊற்றுங்கள். இரண்டு விரல் அளவு இடம் விடுங்கள். இடம் இல்லாவிட்டால் குலுக்கும்போது உள்ளே இருப்பது நன்றாக அசையாது.

குலுக்கினால் இரண்டும் கலந்தது போலத் தெரியும். கொஞ்ச நேரத்தில் எண்ணெய் மேலே வந்துவிடும். ஏன்? எண்ணெய் தண்ணீரைவிட லேசானது. தண்ணீரோடு கலக்கவும் கலக்காது. நிறம் தண்ணீரில்தான் கரையும். அதனால் எண்ணெயில் ஏறாது. குளிர்ந்த காலையில் எண்ணெய் உறைந்து வெள்ளையாகிவிடும். வெயில் ஏறினால் உருகும். குழந்தைக்கு அதுவும் ஒரு வேடிக்கை.

மின்ன வேண்டுமா? எண்ணெய்க்குப் பதில் மருந்துக்கடைக் கிளிசரினும் ஜிகினாத்தூளும் போடுங்கள். கிளிசரின் கெட்டியானது. அதனால் ஜிகினா மெதுவாக இறங்கும். கிளிசரின் கூடக் கூட இன்னும் மெதுவாக இறங்கும்.

சத்தம் வரும் பாட்டிலுக்குத் தண்ணீர் வேண்டாம். ஒன்றில் அரிசி, ஒன்றில் புளியங்கொட்டை, ஒன்றில் மணல் போடலாம். ஒவ்வொன்றிலும் இரண்டு இரண்டு செய்து, வெளியே காகிதம் சுற்றுங்கள். ஆட்டிப் பார்த்து ஜோடி சேர்க்கட்டும். மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளுக்கு ஏற்ற விளையாட்டு இது. மரியா மாண்டிசோரி என்ற இத்தாலி நாட்டு அம்மையார் 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அவர் முறையில் ஆறு ஜோடி ஒலிப் பெட்டிகள் உண்டு. விளையாட்டு ஒன்றுதான். அவருடையது மரத்தில் செய்தது.

கைக்குழந்தைக்கு ஆட்டிக் காட்டினாலே போதும். ஆறு மாதம் ஆகியும் சத்தம் வரும் பக்கம் குழந்தை திரும்பவில்லையா? அங்கன்வாடி டீச்சரிடம் சொல்லுங்கள். டாக்டரிடமும் காட்டுங்கள். காது கேட்கிறதா என்று சீக்கிரம் தெரிந்துகொள்வது நல்லது.

இனி மூடி. வேலையில் முக்கியமானது இதுதான். மூடியின் புரியில் பசை தடவி இறுக்குங்கள். ஒரு ராத்திரி காய வையுங்கள். பிறகு காகிதத்தின் மேல் தலைகீழாக வையுங்கள். காகிதம் நனைந்தால் அந்தப் பாட்டில் ஆகாது. வாரம் ஒருமுறை விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஆனாலும் மூடி ஒருநாள் கழன்றுவிடும் என்று நினைத்தே உள்ளே பொருள் போட வேண்டும். குன்றிமணி பார்க்க அழகு, ஆனால் அது விஷம். அரளி விதையும் விஷம். கற்பூரம், பாச்சை உருண்டை, கடிகார பேட்டரி, வளையல் துண்டு, மண்ணெண்ணெய் எதுவும் கூடாது. புளியங்கொட்டை கூடத் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். குழந்தை ஆடும்போது பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

பூச்சிமருந்து, பினாயில், ஆசிட் இருந்த பாட்டிலை எத்தனை முறை கழுவினாலும் எடுக்காதீர்கள். இதைவிடப் பெரிய ஆபத்து இன்னொன்று. மிச்சமான பூச்சிமருந்தையும் மண்ணெண்ணெயையும் குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்கும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. கலர் பாட்டில் என்றால் விளையாட்டு என்று பழகிய குழந்தை, அதையும் ஓடிப்போய் எடுக்கும். விளையாட்டுப் பாட்டில் செய்வதற்கு முன்னால் வீட்டைச் சுற்றிப் பாருங்கள். அப்படி ஏதாவது இருந்தால் பூட்டி வையுங்கள். பூட்ட வசதி இல்லாவிட்டால், இந்தப் பாட்டிலைச் செய்யாமல் இருப்பதே மேல்.

குழந்தை எதையாவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். அந்தப் பாட்டிலையும் எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தை குடித்தது என்ன என்று டாக்டர் கேட்பார்.