ஜப்பானில் பள்ளியாண்டு

பள்ளி திறப்பது ஜூன் மாதத்தில் என்பது தமிழ்நாட்டிலிருந்து வந்த நம் எல்லோர் மனத்திலும் ஊறிப்போன எண்ணம். அந்த எண்ணத்தோடு பாம்பூஃப்ளாட்டில் வந்து குடியேறும் குடும்பம் ஒன்று, இங்கே ஏப்ரலிலேயே ஆண்டு தொடங்கிவிட்டதை அறிந்து திகைப்பது இயல்பு. பாடங்கள் சில நடந்து முடிந்திருக்கும்; பிள்ளை பின்தங்கிவிட்டதாக வீட்டில் கவலை பிறக்கும். இக்கவலையில் பாதி, நாட்காட்டியால் விளைவதேயன்றிப் பிள்ளையால் விளைவதன்று. இதனைத் தெளிவுபடுத்த ஜப்பானின் பள்ளியாண்டு நல்லதொரு சான்றாகும்.

1942 மார்ச் முதல் 1945 அக்டோபர் வரை இத்தீவுகள் ஜப்பானியப் படையின் பிடியில் இருந்தன. பள்ளிகளில் அப்போது ஜப்பானிய மொழியும் கற்பிக்கப்பட்டது. அக்காலத்துத் துன்பங்கள் மறக்கற்பாலன அல்ல. ஆயினும் அந்நாட்டார் தம் நாட்டில் கல்வியை எவ்வாறு அமைத்துக்கொண்டனர் என்பது அறியத்தக்கதே.

ஜப்பானிலும் பள்ளியாண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. செர்ரி மலர்கள் பூக்கும் காலம் அது. ஆதலின் இயற்கையே இந்த மாதத்தைத் தேர்ந்தது போலத் தோன்றும். உண்மையில் தேர்ந்தது அரசாங்கத்தின் கணக்கேடு. 1886இல் அந்நாட்டின் நிதியாண்டு ஏப்ரலுக்கு மாற்றப்பட்டது. அதனை ஒட்டிப் பள்ளிகளும் படிப்படியாக ஏப்ரலுக்கு வந்தன. செப்டம்பரில் தொடங்கிவந்த தோக்கியோப் பல்கலைக் கழகம் 1921இல்தான் மாறியது. 2020இல் கொரோனாத் தொற்றினால் பள்ளிகள் மூடப்பட்டபோது, மீண்டும் செப்டம்பருக்குச் செல்லலாமா என்று ஆராய்ந்து, பின்னர் அக்கருத்தைக் கைவிட்டனர்.

ஆறாண்டு தொடக்கப் பள்ளி, மூன்றாண்டு நடுநிலைப் பள்ளி, மூன்றாண்டு உயர்நிலைப் பள்ளி என்பது அங்குள்ள முறை. இவற்றுள் முதல் ஒன்பதாண்டுக் கல்வியே கட்டாயம். எனினும் பெரும்பாலும் எல்லா மாணாக்கருமே நுழைவுத் தேர்வெழுதி உயர்நிலைப் பள்ளியில் சேர்கின்றனர். பல பள்ளிகளில் ஆண்டு மூன்று பருவங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது: ஏப்ரல் முதல் ஜூலை வரை, செப்டம்பர் முதல் டிசம்பர் வரை, ஜனவரி முதல் மார்ச் வரை. நம் காலாண்டு, அரையாண்டு, முழுஆண்டுத் தேர்வுகளை நினைவிற் கொண்டால் இது எளிதில் விளங்கும்.

ஏப்ரல் இறுதியிலும் மே முதல் வாரத்திலும் விடுமுறைகள் அடுத்தடுத்து வருவதால் அதனைப் பொன் வாரம் என்கின்றனர். மே 3 அரசியலமைப்பு நாள்; மே 5 குழந்தைகள் நாள். ஜூலைப் பிற்பகுதி முதல் ஏறத்தாழ நாற்பது நாள் கோடை விடுமுறை. அதற்கு அவர்கள் வழங்கும் பெயரான ‘நாட்ஸுயசுமி’ என்பதைக் ‘கோடை ஓய்வு’ என்று மொழிபெயர்க்கலாம். ஆனால் வீட்டுப்பாடம், விளையாட்டுப் பயிற்சி, ஜூகு எனப்படும் தனிப்பயிற்சி நிலையம் ஆகியவற்றால் ஓய்வு குறைவே. பனி மிகுந்த ஹொக்கைடோவில் கோடை விடுமுறையைச் சுருக்கிக் குளிர்கால விடுமுறையை நீட்டியிருக்கின்றனர். ஒரே நாட்டிலும் நிலத்திற்கேற்ப நாட்காட்டி வளைகிறது.

பள்ளியின் புகழும் இவ்வாறே விதிகளால் உயர்ந்து தாழக் கூடியது. தோக்கியோவிலுள்ள ஹிபியா உயர்நிலைப் பள்ளி 1878இல் தோன்றிய பழம்பெரும் அரசுப் பள்ளி. 1964இல் மட்டும் அதிலிருந்து 193 பேர் தோக்கியோப் பல்கலைக் கழகத்திற்குத் தேறினர். 1967இல் நகர ஆட்சி சேர்க்கை விதியை மாற்றியது. விரும்பிய ஒரு பள்ளிக்கு விண்ணப்பிப்பதற்கு மாறாக, சில பள்ளிகள் அடங்கிய தொகுதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். எப்பள்ளி என்பதை ஆட்சியே ஒதுக்கும். சிறந்த மாணாக்கர் பலர், 1871இல் நிறுவப்பட்ட கைசெய் முதலிய தனியார் பள்ளிகளை நாடினர். கோபே நகரில், அரிசி மது வடிக்கும் குடும்பத்தினர் 1927இல் நிறுவிய நடா பள்ளியும் முன்னணியில் நின்றது. ஹிபியாவிலிருந்து தேறுவோர் தொகை 1993இல் ஒன்றாகக் குறைந்தது. விதிகள் மீண்டும் தளர்ந்தபின் அப்பள்ளி மறுபடியும் தலைநிமிர்ந்தது. ஆகவே புகழ்பெற்ற பள்ளியின் தேர்ச்சிக் கணக்கைக் காணும்போது, அங்கே கற்பிப்பது எவ்வளவு, முன்னரே தேர்ந்தெடுத்துக்கொண்டது எவ்வளவு என்று கேட்பது நலம்.

மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் நம்மவர்க்கு இதனால் விளங்குவது என்ன? புறப்படுமுன்னரே புதிய ஊர்ப் பள்ளி எக்கல்வி வாரியத்தைச் சார்ந்தது, எம்மாதம் தொடங்குகிறது, வயதினை எந்நாளைக் கொண்டு கணக்கிடுகிறது, தமிழ் கற்க இடமுண்டா என்பனவற்றை எழுதிக் கேட்டறிதல் வேண்டும். மாற்றுச் சான்றிதழுடன், முடித்த பாடங்களின் பட்டியலையும் பெற்றுச் செல்லலாம். தூரத்திலுள்ள பேர்பெற்ற பள்ளிக்காக நாள்தோறும் படகேறி அலைவதைக் காட்டிலும், அருகிலுள்ள பள்ளியில் நிலைத்துப் படிப்பது சில பிள்ளைகளுக்கு ஏற்றதாகலாம்.

இரண்டு மாதம் தாமதமாகச் சேர்ந்த பிள்ளையை மந்தமென்று எவரும் எண்ண வேண்டுவதில்லை. விட்டுப்போன பாடங்களை உடனிருந்து படிப்பித்தால் அக்குறை நீங்கிவிடும்.