ஒளி சுமந்து வரும் அறிவிப்பு

மன்னார்குடியில் ஒரு நாள் இஷாத் தொழுகை முடிந்து வெளியே வந்தபோது, மாணவர் ஒருவர் வானைச் சுட்டி, “ஹஜ்ரத், அங்கே எவரும் சென்றதில்லை. விண்மீனில் இரும்பு இருக்கிறது என்று எப்படிச் சொல்கிறார்கள்?” என வினவினார். நியாயமான வினாவே. விண்மீன்கள் எவற்றால் ஆனவை என்பதை மனிதன் ஒருபோதும் அறிய இயலாது என்று பிரெஞ்சு மெய்யியலாளர் அகஸ்த் காம்த் 1835இல் எழுதினார்.

விடை நம் வீட்டு அடுப்பில் இருக்கிறது. நீலமாய் எரியும் தீயில் உப்பைத் தூவினால் சுடர் மஞ்சளாகும். அது உப்பிலுள்ள சோடியத்தின் அடையாளம். இவ்வாறே ஒவ்வொரு தனிமத்துக்கும் தனக்கே உரிய நிறங்கள் உண்டு. விண்மீனின் ஒளி அதன் மேலடுக்கைக் கடக்கையில், அங்குள்ள தனிமங்கள் தத்தமக்குரிய நிறங்களை உறிஞ்சிக்கொள்கின்றன. அவ்வொளியை நிறமாலையாக விரித்தால் அவ்விடங்களில் கருங்கோடுகள் தென்படும். கிர்க்காஃபும் புன்சனும் இதனை 1859, 1860ஆம் ஆண்டுகளில் நிறுவினர்.

ஆயின், கோட்டைக் கண்டவுடன் அளவைக் கூறிவிடலாகாது. ஓர் அறிவிப்பின் வாசகத்தோடு, அது வந்த வழியையும் ஆராய்வது ஹதீஸ் கலை அறிஞர்களின் முறை. ஒளியும் ஓர் அறிவிப்பே. இடைவெளியிலுள்ள வாயுவும் பூமியின் காற்றும் தம் கோடுகளை அதில் சேர்த்துவிடும். அவற்றைப் பிரித்தறிய வேண்டும். வெப்பநிலையையும் கணக்கிட வேண்டும். சூரிய நிறமாலையில் கால்சியக் கோடுகள் மிக வலியவை. கால்சியமோ அங்கு மிகக் குறைவு. வெப்பத்தால் அணுக்கள் எலக்ட்ரானை இழக்கும் விதத்தை மேகநாத் சாஹா 1920இல் சமன்பாடாக்கித் தந்தார். அதனைக் கொண்டு, விண்மீன்களில் மிகுந்திருப்பது ஹைட்ரஜனே என்று செசிலியா பெய்ன் 1925இல் கண்டார். புகழ்பெற்ற வானியலாளர் ஹென்றி நாரிஸ் ரஸ்ஸல் அதை மறுக்கவே, அம்முடிவு மெய்யாக இருக்க வாய்ப்பில்லை என அப்பெண்மணி தம் ஆய்வேட்டிலேயே எழுத நேர்ந்தது. 1929இல் ரஸ்ஸல் வேறு வழியில் அதே முடிவை எட்டி, அதை ஒப்புக்கொண்டார். மறுத்தவரின் பெருமையால் சான்று பலவீனமாவதில்லை.

அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி கி.பி. 964இல் சிறு மேகம் எனக் குறித்த ஆண்ட்ரோமீடா, சுமார் 25 லட்சம் ஒளியாண்டுத் தொலைவிலுள்ள விண்மீன் மண்டலம். அங்குள்ள ஒளி மிக்க விண்மீன்களைத் தனித்தனியே ஆராய இயலும். அதற்கும் வெகு அப்பால், கோடானுகோடி விண்மீன்களின் கலந்த ஒளியே நமக்குக் கிட்டும். எனவே அங்கு பெறப்படும் அளவு சராசரியே. அண்டம் விரிவதால் கோடுகள் சிவப்புப் பக்கம் நகர்ந்திருக்கும். எனினும் அவற்றின் விகிதம் மாறாமையால் அடையாளம் காணலாம். ஏறத்தாழ 1,340 கோடி ஆண்டுகள் பயணித்து வந்த ஒளியில் ஆக்சிஜன் இருப்பது 2025இல் அறியப்பட்டது. ஆக்சிஜன் விண்மீன்களுக்குள்ளே உருவாவது. ஆகவே, அதற்கு முன்பே அங்கு ஒரு தலைமுறை விண்மீன்கள் பிறந்து மடிந்திருக்க வேண்டும்.

வாணியம்பாடிக்கு அப்பால், ஜவ்வாது மலைக் காவலூரில் 1986இல் திறக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி விண்மீன்களின் நிறமாலையைப் பதிவு செய்யும் கருவியையும் கொண்டது. அம்மாணவரிடம் நாம் இவற்றைக் கூறி, “சென்றவர் இல்லை என்பது மெய்தான்; வந்து சேர்ந்த அறிவிப்பு உண்டு. அதை எவ்வாறு சோதித்தார்கள் என்பதையே இனிக் கேளுங்கள்” என்றோம்.