விடையும் விடைவழுவும்

ஒருவர் வினாவ மற்றொருவர் விடையிறுத்தல் கல்வி வளர்தற்குரிய தொன்னெறியாகும். வகுப்பறையிலும், விவாத மன்றிலும், பலர் கூடி ஐயந்தீர்க்கும் அவையிலும் இந்நெறியே வழங்குகின்றது. ஆயின், கேட்டது ஒன்றாகச் சொல்வது பிறிதொன்றாதலும் அவ்விடங்களிலெல்லாம் உண்டு. அத்தகைய விடையைத் தள்ளுவதோ, கொள்ளுவதோ, திருத்துவதோ எனத் துணிய வேண்டியவர் நடுவிருந்து நடத்துவோராவர். அவர்க்குத் தமிழிலக்கண நூலார் வகுத்த அளவுகோல் எவ்வாறு பயன்படும் என்பதை ஈண்டு ஆராய்வாம்.

தொல்காப்பியர் சொல்லதிகாரத்துக் கிளவியாக்கத்தில், வினாவையும் செப்பையும் வழுவாமற் காத்தல் வேண்டுமென விதித்தார். செப்பு என்பது விடை. தில்லைக்கு வழி கேட்டவனுக்குச் சிவப்புக் காளையின் விலையைச் சொல்லுதல் விடைவழுவுக்கு எடுத்துக்காட்டாக வழங்குகின்றது. அவ்விலை மெய்யாகவே இருக்கலாம். வழிப்போக்கனுக்கு அதனாற் பயனென்னை? ஒரு கூற்று மெய்யாதல் வேறு; விடையாதல் வேறு.

எனினும், செப்பு நேரிதின் அமையாது வழுவினும், வினாவிய பொருளோடு இயைந்ததாயின் அது விலக்கப்படாதென்றும் அவ்வாசிரியரே கூறினார். இவ்விரண்டாம் விதியே நடுவிருப்போர் பெரிதும் மறப்பது.

நன்னூலார் இதனை விரித்து விடையை எட்டாக வகுத்தார். சுட்டு, மறை, நேர் என்னும் மூன்றும் செவ்வன் இறை. ஏவல், வினாதல், உற்றதுரைத்தல், உறுவது கூறல், இனமொழி என்னும் ஐந்தும் இறை பயப்பன. 'உண்பாயா?' என்றவனுக்கு 'உண்ணேன்' என்பது மறை. 'நீ உண்' என்பது ஏவல், 'உண்ணேனோ?' என்பது வினாதல். 'வயிறு வலித்தது' என்பது உற்றதுரைத்தல். 'வயிறு வலிக்கும்' என்பது உறுவது கூறல். சொல் வேறாயினும் கேட்டவன் கருதியது இவற்றாற் பெறப்படுகின்றது. ஆறுமுக நாவலர் (1822–1879) திருத்தி விளக்கிய நன்னூற் காண்டிகையுரையின் வாயிலாக இப்பாகுபாடு நம்மவர்க்கு நன்கு பழகியதாயிற்று.

இனமொழி சிறப்பாக நோக்கத்தக்கது. பயறு உண்டோ என்று கேட்டவனுக்கு, 'உழுந்தல்லது இல்லை' என்கின்றான் வணிகன். பயறு இல்லையென்பதும், அதற்கு ஈடாகக் கொள்ளத்தக்கது உண்டென்பதும் ஒருங்கே விளங்கின. கேளாததைச் சொன்னானென்று அவ்வணிகனைக் கடிவார் உளரோ?

வழு வினாவின்கண் இருத்தலும் உண்டு. ஒரு விரலை மட்டும் காட்டி, இது நெடிதோ குறிதோ என வினாவுதலை உரையாசிரியர் வினாவழு என்பர். மணிமேகலையின் முப்பதாம் காதை, துணிந்து சொல்லல், கூறிட்டு மொழிதல், வினாவின் விடுத்தல், வாய்வாளாமை என விடை நான்கு கூறும். முட்டை முந்தியதோ பனை முந்தியதோ என்றால், எம்முட்டைக்கு எப்பனை என்று திருப்பி வினாவல் வேண்டும். ஆகாயப்பூப் பழையதோ புதியதோ என்றால், வாளாவிருத்தலே விடை.

இவற்றால் நடுவிருப்போர்க்குரிய முறை பெறப்படும். முதலில் வினாவை ஆராய்க; அது தெளிவற்றதாயின் அதனையே திருத்துவிக்க. பின், விடையின் சொல்லை விட்டுப் பொருளை நோக்குக. குறிப்பால் விடை பயப்பதாயின் ஏற்று, அதனை வெளிப்படையாக்குமாறு கேட்க. வேறொரு வினாவுக்கு விடையாவதாயின் உரியவிடத்துக்கு மாற்றுக. எவ்வாற்றானும் இயைபில்லாததையே நீக்குக. நீக்குங்காற் காரணமும் கூறுக.

தேர்விலே கற்றதனைத்தையும் எழுதி, கேட்டதை எழுதாது விட்ட மாணவன் புள்ளியிழத்தல் முறையே. ஆயின், வேறு வழியாற் சரியான பொருளை அடைந்த மாணவனையும் அவனோடு ஒருங்கு தள்ளுவது முறையன்று. முன்னவன் வினாவைக் கூர்ந்து வாசிக்கப் பழகாதவன். பின்னவனோ தானே சிந்திக்கத் தொடங்கியவன். அவனை ஒருமுறை காரணமின்றித் தள்ளினால், மறுமுறை அவன் வாய்திறவான். அவ்விழப்பு அவனுக்கு மட்டுமன்று, அவைக்குமாம். காளை விலை கூறுவானையும் உழுந்து கூறுவானையும் வேறு பிரித்தறிதலே நடுவுநிலைமையென்க.