சேற்றுக்கு அடியில் ஒரு மின்கலம்

கம்பம்மெட்டுச் சாலையில் ஏலத்தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் ஜீப்புகளைப் பார்த்திருப்பீர்கள். போருக்காகப் பிறந்து, 1940-களின் இறுதியில் மகிந்திரா நிறுவனம் நம் நாட்டுக்குக் கொண்டுவந்த வண்டி. சுருளிப்பட்டியில் என் வீட்டு வாசலிலும் உழைத்து ஓய்ந்த ஒன்று நின்றது. பெயிண்ட் உரிந்து மழையில் நனைந்த போனட் பழுப்பேறியிருந்தது, அவ்வளவுதான். சேறு அப்பிய சேஸிஸ் மூலையைத் திருப்புளியால் குத்தினேன், உள்ளே இறங்கிவிட்டது!

மழை நேராகப் படாத மூலை ஏன் அதிகம் அரிபட்டது?

ஈரச் சேற்றுக்கு அடியில் ஆக்சிஜன் குறைவு, விளிம்பில் மிகுதி. இவ்விரு இடங்களும் ஒரு மின்கலத்தின் இரு முனைகளாகின்றன. ஆக்சிஜன் குறைந்த முனையில் இரும்பு அயனியாகக் கரைகிறது. அது விட்ட எலக்ட்ரான்கள் உலோகத்தின் வழியே விளிம்புக்கு ஓடி, அங்குள்ள ஆக்சிஜனையும் நீரையும் ஹைட்ராக்சில் அயனிகளாக்குகின்றன. இரண்டும் சந்திக்குமிடத்தில் துரு உண்டாகிறது. தேய்த்துப் பளபளப்பாக்கிய இரும்புத் தகட்டில் ஒரு சொட்டு உப்புநீர் விட்டுப் பாருங்கள். சொட்டின் நடுவில் இரும்பு கரையும். துரு அதைச் சுற்றி வளையமாகப் படியும். கேம்பிரிட்ஜ் அறிஞர் எவன்ஸ் 1920-களில் செய்து காட்டிய சோதனை இது.

ஆகவே துருவின்மேல் பெயிண்ட் பூசினால் அது மறையுமேயன்றி நிற்காது. முகத்தில் துணி கட்டிக்கொண்டு, கம்பி பிரஷால் வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்த்தேன். பொத்தலைப் பட்டி பார்த்து மறைத்துவிடலாம் என்றார் ஒருவர். மலையேறும் வண்டியில் பத்துப் பேரின் எடையைப் பட்டியா தாங்கும்? பட்டறையில் வெட்டியெடுத்து, புதுத் தகடு வைத்துப் பற்றவைத்தார்கள். பிறகு துத்தநாகத் தூள் மிகுந்த பிரைமர் அடித்தேன். இரும்பைவிடத் துத்தநாகம் எளிதில் எலக்ட்ரான்களை இழக்கும். கீறல் விழுந்தாலும் முதலில் அதுவே அரிபடும்.

சேஸிஸின் அடியில் நீர் வடியும் துளைகள் உண்டு. பெயிண்ட் அவற்றை அடைத்துவிடாதபடி, காயும்வரை ஒவ்வொன்றிலும் ஒரு ஈர்க்குச்சியைச் செருகி வைத்தேன்.